குரல் வேண்டும், பெயர் வேண்டாமா?

ஹாலிவுட் சங்கீதப் படங்களை நாமும் ரசிப்பவர்கள்தாம். கொட்டும் மழையில் ஜீன் கெல்லி ஆடும் ஆட்டத்தைக் கண்டு மனம் துள்ளாதவர் யார்? ரசிப்பதனால்தான் கேட்கிறோம்: நம்மை மகிழ்வித்த குரல்களுக்கு உரியவர்களின் பெயரை மறைத்தது ஏன்?

1952-ல் எம்.ஜி.எம். கம்பெனி வெளியிட்ட ‘சிங்கிங் இன் தி ரெயின்’ படத்தின் கதை என்ன? குரல் வளமில்லாத ஒரு நட்சத்திரத்துக்காக, பேர் தெரியாத இளம் நடிகை ஒருத்தி மறைவில் நின்று பாடுகிறாள். கடைசியில் திரை விலகுகிறது, குட்டு வெளிப்படுகிறது, நியாயம் வென்றது என்று நாம் கைதட்டுகிறோம். வேடிக்கை என்னவென்றால், அந்த இளம் நடிகையாக வந்த டெப்பி ரெய்னால்ட்ஸுக்கே சில பாட்டுகளில் குரல் கொடுத்தவர் பெட்டி நாய்ஸ் என்ற வேறொரு பெண்! அவர் பெயர் படத்தில் இல்லை. கதையில் திரையை விலக்கியவர்கள், தங்கள் வீட்டுத் திரையை மட்டும் இழுத்து மூடிக்கொண்டார்கள்.

மார்னி நிக்சனின் கதை இன்னும் கொடுமை. 1956-ல் ‘தி கிங் அண்ட் ஐ’ படத்தில் டெபோரா கெர்ருக்கும், 1961-ல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நடாலி உட்டுக்கும், 1964-ல் ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியவர் இவரே. முதல் படத்தின்போது, விஷயம் வெளியே தெரிந்தால் இந்த ஊரில் இனிப் பிழைக்க முடியாது என்று தம்மை மிரட்டியதாக அவரே பின்னாளில் சொன்னார். மறைக்காமல் உண்மையைச் சொன்னவர் டெபோரா கெர். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ இசைத்தட்டு வருமானத்தில் பங்கு கேட்டார் நிக்சன், தயாரிப்பாளர்கள் கொடுக்கவில்லை. இசையமைத்த லியோனார்ட் பெர்ன்ஸ்டைன்தான் தம் பங்கிலிருந்து நூற்றுக்குக் கால் வீதம் எடுத்துக் கொடுத்தார்.

“சினிமாவே மாயைதானே! பெயரைச் சொன்னால் மாயை கலைந்துவிடாதா?” என்று வாதிப்பவர்கள் உண்டு. உடை தைத்தவர், ஒப்பனை செய்தவர் பெயர்களெல்லாம் திரையில் வந்தனவே! அப்போது கலையாத மாயை, பாடியவர் பெயரால் மட்டும் கலைந்துவிடுமா? இரவல் குரல் குற்றமென்று நாம் சொல்லவில்லை. நம் தமிழ்ப் படங்களில் நடிகர் வாயசைக்க டி.எம்.சௌந்தரராஜன் பாடினார். அவர் பெயரும் தெரிந்தது. பாட்டின் சுவையும் குறையவில்லை.

உண்மைக் காரணம் வேறு. பெயர் வெளியே தெரிந்தால் கிராக்கி வரும். கிராக்கி வந்தால் கூலி உயர்த்திக் கேட்க வாய் வரும். பெயரில்லாதவர் எதை வைத்துப் பேரம் பேசுவார்? மாயையைக் காப்பதாகச் சொல்லி அவர்கள் காத்தது தங்கள் பணப்பெட்டியை!

1965-ல் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் ஒரு கன்னியாஸ்திரீயாக மார்னி நிக்சன் தம் சொந்த முகத்தோடு தோன்றினார். 2016-ல் மறைந்தார். அந்தப் படங்களை இன்றும் பார்ப்போம், ரசிப்போம். பாட்டு முடிந்ததும், பாடியவர் பெயரைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லுவோம். கம்பெனிகள் செய்யத் தவறியதை ரசிகர்களாவது செய்வோம்!