கம்பெனி இழைக்கு வேலி! விவசாயி பருத்திக்குத் திறந்த வாசலா?

 

தன் நாட்டில் விற்கும் விலையைவிட மலிவாக ஒரு பொருளை அடுத்த நாட்டில் கொண்டுபோய்க் கொட்டினால் அதற்குப் பெயர் டம்பிங். அதைத் தடுக்கப் போடுவது பொருள்குவிப்புத் தடுப்பு வரி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவன் யார் என்பதில்தான் சூது!

1997இல் ஐரோப்பிய யூனியன் நம் நாட்டுப் பருத்திப் படுக்கை விரிப்புகள் மீது இந்த வரியைப் போட்டது. எப்படிக் கணக்குப் பார்த்தார்கள் தெரியுமா? உள்ளூர் விலையைவிட 100 ரூபாய் கூடுதலாக ஒரு மூட்டை மல்லாட்டையும், 100 ரூபாய் குறைவாக இன்னொரு மூட்டையும் வெளியூரில் விற்கிறீர்கள். கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. அவன் கணக்கிலோ கூடுதலாக விற்றது பூஜ்யம், குறைத்து விற்றது மட்டும் குற்றம்! நம்ம ஊர்த் தரகர்கூட இப்படி எழுதத் துணியமாட்டார். இந்தியா வழக்குப் போட்டது. 2001இல் உலக வர்த்தக அமைப்பே இந்தக் கணக்கு செல்லாது என்றது. வளரும் நாடுகளுக்குத் தனிக் கவனம் காட்டச் சொல்லும் 15ஆம் பிரிவை ஐரோப்பா மதிக்கவில்லை என்றும் தீர்ப்பு வந்தது. அதற்குள் நாலு வருஷம் ஓடிப்போச்சு.

சரி, நம்ம அரசாங்கம் இந்த வரியை யாருக்காகப் போடுகிறது? விஸ்கோஸ் என்ற ஆலை இழை சீனா, இந்தோனேசியாவிலிருந்து மலிவாக வராதபடி 2010 முதல் 2021 வரை வேலி போட்டது. நூற்பாலைக்காரர்கள் கத்தியும் பதினோரு வருஷம் நின்ற வேலி! நிலத்தில் விளையும் பருத்திக்கு? இருந்த 11 சதவீத இறக்குமதி வரியையும் 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை தூக்கிவிட்டார்கள். புதுப் பருத்தி மண்டிக்கு வரும் அக்டோபரும் அதற்குள் அடக்கம்.

வருகிற அமெரிக்கப் பஞ்சு மானியத்தில் விளைந்தது. பிரேசில் போட்ட வழக்கில் 2005இலேயே அந்த மானியம் விதிமீறல் என்று தீர்ப்பானது. 2014இல் பிரேசிலுக்கு 30 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா வழக்கை முடித்துக்கொண்டது. நமக்கு என்ன கிடைத்தது?

மனுப் போடலாமே என்பார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் 25 சதவீதமாவது வைத்திருப்பவர்கள் ஆதரித்தால்தான் டெல்லியில் மனுவையே எடுப்பார்கள். நாலைந்து கம்பெனி சேர்ந்தால் அது முடியும். ரெண்டு ஏக்கர் மானாவாரிக்காரன் எத்தனை லட்சம் பேரிடம் கையெழுத்து வாங்குவது? வக்கீலுக்கு யார் கொடுப்பது?

மத்திய அரசே! பருத்தி எடுக்கும் காலத்தில் இறக்குமதி வரியில் கை வைக்காதே! விவசாயிக்காக அரசே முன்வந்து விசாரணை நடத்து! விருத்தாசலம் விற்பனைக்கூடத்திலேயே ஆதார விலைக்குப் பருத்தியைக் கொள்முதல் செய்!

கருவேப்பிலங்குறிச்சி கடைவீதியில் திரள்வோம்! குடும்பத்தோடு வாரீர்!