கிரகணம் யார் வயிற்றையும் தேடி வருவதில்லை

 

கலண்டரில் கிரகணம் என்று போட்டிருந்தால் போதும், நமது வட்சப் குழுக்களில் குரல் பதிவுகள் வரத் தொடங்கிவிடும். பிள்ளைத்தாய்ச்சி கத்தி தொடக்கூடாதாம், தண்ணீர் குடிக்கக்கூடாதாம், வாசலுக்கு வரக்கூடாதாம். லயத்துப் பக்கம் ராகு விழுங்குகிறான் என்று சொன்னால் கடைவீதியில் இருக்கும் நாம் சிரிக்கிறோம். அதே நேரத்தில் நம் வீட்டு மருமகளையும் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறோம். ராகுவை மட்டும் விட்டுவிட்டோம், பயத்தை வைத்துக்கொண்டோம்.

இது பழைய நோய். 1955 ஜூன் 20ஆம் திகதி முழுச் சூரிய கிரகணம் இலங்கைக்கு மேலாகச் சென்றது. அதைப் படிக்க வெளிநாட்டு விஞ்ஞானிகள் பொலன்னறுவைப் பக்கம் வந்து காத்திருந்தார்கள். நம் நாட்டவர் பலரோ கிரகண நேரத்தில் வசம்புச் சாறு குடித்தால் மேனி வெளுக்கும் என்ற கதையை நம்பிக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

முஸ்லிம்களான நமக்கு இதில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. நபி (ஸல்) அவர்களின் சின்ன மகன் இப்ராஹீம் மரணித்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்த நாள் 632 ஜனவரி 27 என்று கணித்திருக்கிறார்கள். குழந்தையின் மரணத்துக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். துக்கத்தில் இருந்த தகப்பன் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கதை இன்றுவரை நின்றிருக்கும். ஆனால் எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்களே மறுத்தார்கள். தொழச் சொன்னார்கள், துஆ கேட்கச் சொன்னார்கள், தர்மம் கொடுக்கச் சொன்னார்கள். கர்ப்பிணியைப் பட்டினி போடச் சொல்லவில்லை.

பிறை பார்த்து நோன்பு பிடிக்கும் சமூகம் நாம். பிறை ஏன் தேய்கிறது என்று கேட்டால் பூமியின் நிழல் விழுகிறது என்று நம் பிள்ளைகளில் பலர் எழுதுகிறார்கள். அது பிழை. இரவில் ஒரு டோர்ச்சைச் சற்றுத் தூரத்தில் எரியவிட்டு, பிள்ளையின் கையில் ஒரு தோடம்பழத்தைக் கொடுங்கள். கையை நீட்டி, பழத்தைத் தலைக்குச் சற்று மேலாகப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றி வரட்டும். பழத்தில் வெளிச்சம் பட்ட பாதி எவ்வளவு கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் பிறை. இப்படி ஒரு சுற்று, அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை, ஏறக்குறைய 29½ நாள். நம் மாதம் 29 அல்லது 30 ஆவது அதனால்தான்.

இனி பழத்தைத் தலைக்கு நேராக இறக்கட்டும். டோர்ச்சுக்கு எதிர்ப்பக்கம் வரும்போது தலையின் நிழல் பழத்தில் விழும். அது சந்திர கிரகணம், போயா அன்று மட்டுமே வரும். டோர்ச்சுக்கும் கண்ணுக்கும் நடுவில் வந்தால் பழம் வெளிச்சத்தை மறைக்கும். அது சூரிய கிரகணம், அமாவாசையில் மட்டுமே வரும். நிலாவின் பாதை ஏறக்குறைய 5 பாகை சரிந்திருப்பதால்தான் மாதந்தோறும் கிரகணம் வருவதில்லை. 2025 செப்டம்பர் 7, பினர போயா இரவு 11 மணிக்கு நிலா முழுதாக நிழலுக்குள் போகும் என்றார்கள். சொன்ன நேரத்துக்குப் போனது.

“பெரியவர்கள் சொன்னதைக் கேட்டால் என்ன நட்டம்?” என்பீர்கள். நட்டம் இருக்கிறது. பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்த கர்ப்பிணிக்குத் தண்ணீரை மறுப்பது நட்டம். அதைவிடப் பெரியது, உதடு பிளந்த பிள்ளை பிறந்தால் “கிரகணத்தில் கத்தி தொட்டாயா?” என்று தாயைக் கேட்பது. பிள்ளையின் மேலுதடு கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே கூடிவிடுகிறது. பல தாய்மாருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியவரும். ஏழாம் மாதத்துக் கிரகணம் எந்த உதட்டைப் பிளக்கும்? தாய்க்குத் தேவை மருத்துவிச்சி அம்மா தரும் போலிக் அமிலக் குளிசை. பிள்ளைக்குத் தேவை காலத்தோடு சத்திரசிகிச்சை. பழி யாருக்கும் தேவையில்லை.

உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்றுதான். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் கண் பழுதாகும். அதை எல்லோருக்கும் சொல்லுங்கள். சந்திர கிரகணத்தை எவரும் பார்க்கலாம், கர்ப்பிணியும்தான்.

2027 ஆகஸ்ட் 2ஆம் திகதி மக்கா நகருக்கு மேலேயே முழுச் சூரிய கிரகணம் வருகிறது. அன்று எத்தனை குரல் பதிவுகள் பறக்கும் என்று நமக்குத் தெரியும். அதற்கு முன்பே பள்ளிவாசல் நிர்வாகங்கள் கிரகணத் தொழுகையை அறிவிக்கும்போது ஐந்து நிமிடம் இதையும் விளக்கிச் சொல்லட்டும். ஆசிரியர்களான நாம் தோடம்பழத்தோடு வகுப்புக்குப் போவோம். மாமிமார்களே, அன்றைக்கு மருமகளுக்கு நேரத்துக்குச் சோறு போடுங்கள்.