திருடனும் இலக்கணம் பேசினால்

முதல் நாவல் எழுதுவோர் பலருக்கும் பொதுவான பிழை ஒன்று உண்டு. தேநீர்க்கடைக்காரர், பாட்டி, திருடன் என எல்லாரும் ஆசிரியரின் நடையிலேயே பேசுவார்கள். பிடிபட்ட திருடன்கூட, "ஆகவே, நான் அகப்பட்டுக்கொண்டேன்" என்று சந்தி பிசகாமல் ஒப்புக்கொள்வான். எழுத்தும் பேச்சும் வெகுதூரம் விலகி நிற்கும் தமிழில் இது எளிதில் நேர்ந்துவிடுகிறது. இழப்போ சிறிதன்று, தன் பேச்சை இழந்த பாத்திரம் தன் ஊரையும் வாழ்வையும் சேர்த்தே இழக்கிறது.

1889இல் வெளிவந்த மலையாள நாவலான 'இந்துலேகா' சந்து மேனனுக்கும் முதல் நாவலே. ஆங்கில நாவலொன்றை மொழிபெயர்க்க முயன்று கைவிட்ட அவர், வீட்டில் பேசும் மலையாளத்தில் சொந்தக் கதையை எழுதினார்.

எனவே துவள வேண்டா. உரையாடலை உரக்கப் படியுங்கள். சிரிப்பு வருமிடமே திருத்த வேண்டிய இடம். பெயர்களை மறைத்தாலும் குரல்கள் வேறுபட வேண்டும். வேறுபடாவிட்டால், அங்கே பேசுபவர் ஒருவரே: நீங்கள்.