அரைப்பேரும் முழுப்பேரும்

கடவுள் இல்லை என்று வெளிப்படையாக மறுப்போரைக் காண்பது நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் அரிது. மிகுதியாகக் காணப்படுவோர் வேறொரு வகையினர். அவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஞாயிறு தவறாது ஆலயம் செல்பவர்கள். கிறிஸ்மஸ் திருநாளுக்குப் புத்தாடை உடுத்தி முன்வரிசையில் அமர்பவர்கள். ஆயினும் அவர்கள் உள்ளத்தில் பாதி ஆலயத்திலும் மறுபாதி வேறெங்கோவும் நிற்கும். இந்த அரைமனத்தைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களுடன் உரையாட விரும்புகிறோம். பிறரைச் சுட்டும் எண்ணத்தோடு நாம் இதனை எழுதவில்லை. இவ்வரைமனம் எட்டிப் பார்க்காத வீடு எங்கே இருக்கின்றது?

பதுளை, பசறை, அப்புத்தளை, பண்டாரவளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களில் 'பேர்' என்றொரு சொல் வழங்குகின்றது. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் கூடி, மலைக்குச் சென்று, அன்றைக்குக் குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவருக்குப் 'பேர்' விழும். அதாவது ஒருநாட் சம்பளம் கணக்கில் ஏறும். மடுவத்துத் தராசில் நிறை குறைந்துவிட்டால் 'அரைப்பேர்' தான். மழையிலும் அட்டைக்கடியிலும் நாளெல்லாம் நின்ற பெண்ணுக்கு, செடியில் கொழுந்து இல்லாத குற்றத்துக்காக அரைப்பேர் போடுவது கொடிது. அந்த அளவுகோலை நாம் புகழ வரவில்லை. எனினும் அச்சொல்லை நம் உள்ளத்தின்பால் திருப்பி, "ஆண்டவர் முன்னிலையில் நான் முழுப்பேரா, அரைப்பேரா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தல் நன்று.

முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழுப் பலத்தோடும் இறைவனை நேசிக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டின் கட்டளை. அதனையே கட்டளைகளுள் முதன்மையானதென்று கிறிஸ்து பெருமானும் எடுத்துரைத்தார். முழுமை என்றால் என்ன? நாள் முழுதும் முழங்காலில் நிற்பதா? ஐந்து மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூடையோடு மலையேறும் தாய்க்கு அது இயலுமா? இயலாது, ஆண்டவர் அதனைக் கேட்கவும் இல்லை. அவள் நிரையில் நின்று கொழுந்தெடுப்பதைக் கவனியுங்கள். பக்கத்து நிரைக்காரியோடு பேசுவாள், சிரிப்பாள். ஆனால் அவள் கண் செடியை விட்டு அகலாது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று விரல்கள் அறிந்து செல்லும். உலக வேலைகளின் நடுவிலும் உள்ளத்தின் கண் இறைவனை விட்டு அகலாதிருத்தலே விழிப்பு. பிளவுபடாத அந்த நோக்கமே முழுமனம்.

கொழுந்தெடுக்கும் மலைக்கு ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வர வேண்டும். அம்முறை தப்பினால் கொழுந்து முற்றிக் கரட்டு இலையாகிவிடும். ஒருநாளில் நேரும் கேடன்று அது. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிய நாட்களின் கூட்டு. பக்தியும் அவ்வாறே முற்றிக் கடினப்படுகின்றது.

இதற்கு நம் ஊவா மண்ணின் வரலாற்றிலேயே ஒரு பெரிய பாடம் உண்டு. தேயிலைக்கு முன் இம்மலைகளில் கோப்பி வளர்ந்தது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறமான சிறு புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்னும் அறிஞர் அதனை ஒரு புதிய பூஞ்சண நோய் என்று கண்டு பெயரும் இட்டார். தோட்டக்காரர் பலர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. சந்தையில் கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. புதிய காடுகள் வெட்டப்பட்டன. பயிர்நிலம் விரிந்துகொண்டே போயிற்று. விளைச்சல் குறைந்துவருவதை ஏறிய விலை மறைத்துவிட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் சரிந்து வீழ்ந்தது.

இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறத்தில் துரு. நம் ஆன்மிக வாழ்வின் வீழ்ச்சியும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றது. ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுக்கிறோம். பாடகர் குழுவில் பாடுகிறோம். மேற்புறம் பசுமையாகவே தோன்றுகின்றது. ஆனால் தம்பியோடு பேசி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கடன் வாங்கியவரின் ஏழ்மையை நினையாது வட்டி கேட்கிறோம். ஜெப வார்த்தைகளை உதடு சொல்ல, மனம் நாளைய செலவைக் கூட்டிக் கழிக்கின்றது. இவை சிறு புள்ளிகளே. இலையைத் திருப்பிப் பார்ப்பவனுக்கு மட்டுமே அவை தென்படும்.

இனி, முழுமனம் என்பதை உணர்ச்சிப் பெருக்கென்று எண்ணி மயங்குவோரும் உளர். ஜெபத்தில் கண்ணீர் வந்தால் பக்தி உண்டு, வராவிட்டால் இல்லை என்று அவர்கள் கலங்குவர். அவர்கட்கு ஊவாவின் தேயிலையே ஆறுதல் சொல்லும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்ட காற்று, மலைத்தொடரைக் கடந்து வறண்ட கச்சான் காற்றாக இங்கு வீசுகின்றது. அக்காலத்தில் செடியின் வளர்ச்சி தளரும், கொழுந்து குறையும். ஆனால் ஊவாத் தேயிலைக்கு உலகெங்கும் பேர் தேடித் தந்த தனி மணம் அந்த வறட்சியிலேதான் பிறக்கின்றது. ஜெபம் வறண்டு கிடக்கும் நாட்களிலும் இடத்தை விட்டு எழாதிருப்பவனுடைய விசுவாசத்துக்கும் அத்தகைய மணம் உண்டு.

முழுமனத்தோடு வாழ்ந்தவர்களை நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டு டிசம்பரில் பதுளைக் கத்தோலிக்க மறைமாவட்டம் கண்டி மறைமாவட்டத்தினின்றும் பிரிந்து உருவாயிற்று. அப்பொழுது கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, பெரிய இடத்தை விட்டு, வறிய மக்கள் மிகுந்த இப்புதிய மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்று வந்தார். பண்டாரவளையில் அவர் அமைத்த 'சேவக செவன' என்னும் குருத்துவப் பயிற்சி இல்லத்தில் பணியாற்றியவர்களுள் ஒருவர் மைக்கல் றொட்ரிகோ அடிகளார். இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்ற அவ்வறிஞர், 1980ஆம் ஆண்டில் ஊவாவின் கீழ்ப்பகுதியிலுள்ள புத்தளை என்னும் பிரதேசத்துக்குச் சென்று, பௌத்த விவசாயிகளின் நடுவே எளிய குடிலொன்றில் வாழலானார். எவரையும் மதம் மாற்ற அவர் முயன்றதில்லை. அம்மக்களின் அயலவராயிருந்து, அவர்கள் துன்பத்துக்குச் செவிகொடுத்தார். கலவரமும் கொலையும் மலிந்த காலம் அது. இடத்தை விட்டு அகலும்படி அச்சுறுத்தல்கள் வந்தன. அவரும் உடனிருந்த சகோதரிகளும் மக்களைக் கைவிட்டுச் செல்வதில்லை என்று தீர்மானித்தனர். 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் மாலை, திருப்பலி வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஒரு மாலையின் துணிவு அந்த ஒரு மாலையிலே பிறந்ததன்று. ஏழாண்டுக் காலம் நாள்தோறும் அயலவன் வாசலில் நின்றதன் முடிவு அது. நம்மில் பெரும்பாலோருக்கு அத்தகைய சோதனை வராது. அயலவன் வாசலோ எல்லோருக்கும் உண்டு.

விழித்திருத்தல் என்றால் வானத்தையே பார்த்திருத்தல் என்று எண்ணுவோர் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாளை நினைவுகூர வேண்டும். அன்று காலை கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. மண்ணுக்குள் மாண்டவர்கள் உறங்கிக் கிடந்தார்கள் என்று எவரும் சொல்லலாகாது. சொந்த நிலமற்ற அவர்கள் எங்கே போவார்கள்? உறங்கியது சுற்றியிருந்த சமுதாயத்தின் மனச்சாட்சி. அயலவன் நிற்கும் நிலம் வெடிப்பதைக் காணாத கண், எத்தனை ஜெபக் கூட்டங்களில் மூடித் திறந்தாலும், விழித்த கண் ஆகாது.

ஆகவே, குடும்பத்தவர்கட்கு மூன்று சிறு வழிகளைச் சொல்ல விரும்புகிறோம். முதலாவது: மாலை ஜெபத்துக்கு முன் ஐந்து நிமிடம் தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் அணைத்துவிட்டு வீடு முழுவதும் மௌனமாக அமருங்கள். இரண்டாவது: வாரத்துக்கு ஒருமுறை, சனி இரவாயினும் ஆகுக, இலையைத் திருப்பிப் பாருங்கள். இவ்வாரம் யார் மனத்தை நோகச் செய்தோம், எதனைத் தள்ளிப் போட்டோம் என்று கேட்டு, ஞாயிறு ஆலயத்துக்குப் புறப்படுமுன் அவற்றுள் ஒன்றையேனும் சரிசெய்யுங்கள். மூன்றாவது: எவருக்கும் தெரியாமல் ஓர் உதவி செய்யுங்கள். பிறர் காண்பதற்கென்று செய்வதில் மனம் இரண்டாகும். மறைவில் செய்வதில் அது ஒன்றுபடும்.

மாணவ நண்பர்கட்கும் ஒரு வார்த்தை. நாளை நீங்கள் படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ கொழும்புக்குச் செல்வீர்கள். தோட்டத்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவர்; ஆலயத்துக்கு வராவிட்டால் மறுநாள் வீடு தேடி வந்து கேட்பர். நகரத்து வாடகை அறையிலோ கேட்பார் எவரும் இலர். உங்கள் விசுவாசம் ஊரார் கண்ணுக்கு அஞ்சிய வழக்கமா, உங்கள் சொந்த உயிர்மூச்சா என்பது அந்த அறையிலேதான் தெரியும். அதற்கான ஆயத்தத்தை இன்றே தொடங்குங்கள். பாடத்தை முழுமனத்தோடு படிக்கப் பழகுபவன் ஜெபிக்கவும் பழகுகிறான். இரண்டுக்கும் வேண்டுவது சிதறாத கவனம் ஒன்றே.

இவற்றையெல்லாம் படித்தபின், "எத்தனையோ ஆண்டுகளை அரைமனத்தோடு கழித்துவிட்டோமே, இனி என்ன பயன்?" என்று எவரேனும் சோர்வாராயின், அவர்க்கு ஆண்டவர் கூறிய திராட்சைத் தோட்ட உவமை துணையாகும். வெயில் சாய்ந்தபின் வந்து ஒரே மணிநேரம் உழைத்தவனுக்கும் அத்தோட்டத்தின் எசமான் முழுநாட் கூலியையே கொடுத்தான். அவனுடைய கணக்கேட்டில் அரைப்பேர் என்பதே கிடையாது. முழுமையாகத் தருகின்ற அவருக்கு நாமும் முழுமையாகவே நம்மைத் தருவோம். பொழுது இன்னும் சாய்ந்துவிடவில்லை.