மிளகுக்கு வயது ஆறு

மொன்றியலில் வளர்கிற பிள்ளைகள் அதைக் கொஷோன் டேன்ட் என்று சொல்லுவார்கள். இந்தியப் பன்றி என்று அர்த்தம். ஆங்கிலத்தில் கினிப் பன்றி. உண்மையில் அது பன்றியும் இல்லை, இந்தியாவும் கினியும் அதன் ஊரும் இல்லை. தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலைச் சனங்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக வளர்த்துவந்த, கொறித்துத் தின்கிற ஒரு பிராணி. அங்கே அதைச் சமைத்துச் சாப்பிடுவதும் உண்டு (இதை என் மகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை). எங்கட வீட்டில் அம்மாவுக்கு அது எலி. வால் இல்லாத எலி.

எங்கட ஆட்களின் வீடுகளில் இப்ப இந்த எலி நிறைய இருக்கு. வாடகை வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதிக்க மாட்டார், பூனையென்றால் வீட்டில் யாருக்காவது தும்மல் வரும், பிள்ளையோ விடாது. கடைசியில் கினிப் பன்றியில் வந்து நிற்போம். அதற்கு ஆயுள் ஐந்திலிருந்து ஏழு வருஷம். பிள்ளைக்கு நாலு வயதில் வாங்கினால் பத்து வயதுக்குள் வீட்டுக்குள்ளேயே ஒரு முதுமையும் ஒரு சாவும் வரும் என்று வாங்கும்போது கணக்குப் பார்ப்பவர் குறைவு. எங்கட பிள்ளைகளில் பலருக்கு அப்பப்பாவின் செத்தவீடு யாழ்ப்பாணத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோதான். அவர்கள் பக்கத்தில் இருந்து பார்க்கிற முதல் நோயாளி இந்தப் பிராணியாகத்தான் இருக்கும்.

எங்கட மிளகுக்கு ஆறு வயதானபோது நிறை குறையத் தொடங்கியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்து எக்செலில் போட்டுவைப்பது என் பழக்கம். (என் தொழில் அப்படி. கோடு கீழே போனால் நித்திரை வராது.) 980 கிராமிலிருந்து மூன்று கிழமையில் 890. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் வழக்கம்போல "வீக் வீக்" என்று கத்தினாள். காட்டில் பிற மிருகங்களுக்கு இரையாகிற இனம் என்பதால் நோயை ஒளித்துவைப்பது இவற்றின் இயல்பு. ஆனால் 90 கிராம் என்பது அவளுடைய உடம்பில் பத்தில் ஒரு பங்கு. 60 கிலோ இருக்கிற ஒருவர் மூன்று கிழமையில் 6 கிலோ குறைந்தால் நாங்கள் சும்மா இருப்போமா? தராசு ஒன்றுதான் அவளுக்காகக் கதைத்தது.

அடுத்த பிரச்சினை டொக்டர். எல்லா மிருக வைத்தியரும் கினிப் பன்றி பார்ப்பதில்லை. நாய், பூனையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். மற்றதெல்லாம் இங்கே "எக்ஸோட்டிக்" என்ற கணக்கு. முதலில் கூப்பிட்ட இரண்டு இடங்களில் இல்லையென்றார்கள். உங்கள் வீட்டில் இந்தப் பிராணி நல்ல சுகமாக இருக்கும்போதே, யார் பார்ப்பார்கள், இரவில் எங்கே போவது என்று கேட்டு நம்பரை எழுதி ஒட்டிவைத்துவிடுங்கள். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் பீடமும் அதன் ஆஸ்பத்திரியும் நகரத்துக்குள் இல்லை, சென்ட் யாசென்த்தில் இருக்கின்றன. காரில் ஒரு மணித்தியாலம். பனிக்காலமென்றால் கூட.

மிளகுக்குச் சலப்பையில் கல் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. வயதான கினிப் பன்றிகளுக்கு அடிக்கடி வருவது, கல்சியம் படிந்து உண்டாவது. அதனால் சலம் போகும்போது முனகுவாள், சாப்பிடப் பின்வாங்குவாள். இவற்றுக்குச் சாப்பாடு நிற்பதுதான் பெரிய ஆபத்து. குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் சாப்பிடாவிட்டாலே குடல் நின்று உயிருக்கு வந்துவிடும். பல்லும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், வைக்கோலை அரைத்தால்தான் தேயும்.

ஆகவே டொக்டர் தந்த வலிமருந்து ஒரு பக்கம், சிரிஞ்சில் சாப்பாடு மறுபக்கம். கிரிட்டிக்கல் கேர் என்று ஒரு புல்மா வரும். சுடுதண்ணீர் ஆறிய பதத்தில் கரைத்து, ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்து, துவாயில் சுற்றிய பிராணியை மடியில் வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நேராகத் தொண்டைக்குள் அடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். மெல்லுகிறாளா என்று பார்த்துத்தான் அடுத்த மில்லி. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும். வேலையில் சேர்வர் விழுந்தால் எழும்புவதற்கு முறை வைத்திருக்கிற மாதிரி நானும் இவரும் முறை வைத்தோம். பின்னேர முறை மகளுக்கு. அவளுடைய கை எங்கள் இரண்டு பேரின் கையைவிடப் பொறுமையானது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காது வலித்தபோது தந்த அமொக்ஸிசிலின் பாணி மிச்சம் பல வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். "சின்னப் பிள்ளைக்குத் தாற மருந்துதானே" என்று அதைக் கினிப் பன்றிக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெனிசிலின் வகை மருந்து வாய்வழியாகப் போனால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் அழிந்து, பிராணி செத்துப்போகலாம்.

விட்டமின் சி வேறு விஷயம், அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். மனிதரைப் போலவே கினிப் பன்றியாலும் அதைத் தன் உடம்பில் உண்டாக்க முடியாது. 1907ல் நோர்வேயில் அக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் பெரிபெரி நோயை ஆராயப் போய்க் கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்தார்கள். வந்தது ஸ்கர்வி. எலியில் செய்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது, எலி தனக்கு வேண்டிய விட்டமின் சியைத் தானே செய்துகொள்ளும். அம்மா "எலி" என்று சொல்லும்போதெல்லாம் மகள் எடுத்துவிடுகிற கதை இது. குடைமிளகாய்த் துண்டு ஒன்று தினமும் போதும். தண்ணீரில் கலந்து வைப்பது வீண், விட்டமின் கெட்டுவிடும். சலப்பையில் கல் இருந்தால் ஸ்பினாச்சும் பார்ஸ்லியும் வேண்டாம்.

பிறகு காசுக் கதை. சத்திரசிகிச்சை செய்யலாம், ஆனால் இந்த வயதில் மயக்கமருந்து தாங்குவாளோ தெரியாது, தாங்கினாலும் கல் திரும்ப வரலாம் என்றார் டொக்டர். செலவைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னா: "பிள்ளை, அந்தக் காசுக்கு ஊரில ஒரு பசுமாடு வாங்கலாம்." மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. கியூபெக் சிவில் சட்டத்தில் 2015லிருந்து மிருகங்கள் பொருட்கள் அல்ல, உணர்வுள்ளவை என்று எழுதியிருக்கு. அதை மகள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து அம்மம்மாவுக்குப் பிரெஞ்சில் வாசித்துக்காட்டினாள்.

நாங்கள் சத்திரசிகிச்சை செய்யவில்லை. காசும் ஒரு காரணம், அதை மகளிடம் மறைக்கவில்லை. ஆனால் வலியோடு கிடக்க விடமாட்டோம் என்றும் சொன்னோம். அவள் தானாகக் குடைமிளகாயைத் தொடாத நாள், அதுதான் எல்லை என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். எல்லையை முன்கூட்டியே போட்டது நல்லதாய்ப் போனது. அந்த நாளில் யாருக்கும் யோசிக்க ஏலாது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வார்த்தைதான். தமிழில் இதற்குக் கருணைக்கொலை என்று பெயர், உள்ளே கொலை இருக்கு. "நித்திரையாக்கிறது" என்றால் பிள்ளை இரவு படுக்கப் பயப்படும், அதோடு நாளைக்கு அவளுக்கே பல் பிடுங்க மயக்கமருந்து கொடுக்கும்போது என்ன சொல்வது? "தவறிட்டா" என்றால், எங்கட பிள்ளைகளுக்குத் தவறு என்றால் பிழை. அப்பப்பா தவறிட்டார் என்று கேட்டு, "என்ன பிழை செய்தவர்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். ஆகவே நேரே சொன்னேன். "டொக்டர் ஊசி போடுவார், மிளகு செத்துப்போவாள், வலி இருக்காது, திரும்ப வரமாட்டாள்." அழுதாள். பிறகு, தான் உள்ளே வரலாமா என்று கேட்டாள்.

பெப்ரவரி. வீட்டிலிருந்து கார் வரைக்கும் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக் கூட்டுக்குள் வைத்தோம், சாகப் போகிறவளுக்கும் குளிரக்கூடாது. முதலில் முகமூடியில் மயக்க வாயு. அவள் மயங்கும்வரை மகள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள், ஊசிக்கு முன் தானே வெளியே போய்விட்டாள். நிலம் கல்லாய் உறைந்திருந்ததால் புதைக்க வழியில்லை, தகனம். சாம்பல் ஒரு சின்னப் பெட்டியில் வந்தது.

இப்ப வீட்டில் உப்பு தனியாக இருக்கிறாள், வயது மூன்று. இவை கூட்டமாக வாழ்கிற பிராணிகள். சுவிட்சர்லாந்தில் ஒன்றைத் தனியாக வளர்ப்பதே சட்டப்படி குற்றம். இன்னொன்று எடுத்தால் உப்பு போகும்போது அது தனியாகிவிடும், அதற்கு இன்னொன்று. இந்தக் கணக்கு முடியாது என்கிறார் இவர். ஜோன் தலோன் வீதியில் இருக்கிற எஸ்பிசிஏயில் வயதான ஒன்றாகப் பார்த்து எடுக்கலாம் என்கிறாள் மகள். நேற்று அம்மா கடையிலிருந்து வரும்போது ஒரு கட்டுக் கொத்தமல்லித் தழை கூட வாங்கி வந்திருந்தா. "எலிக்குத்தான்" என்றா.