மணப்பெண் அழுகிறாள், வாலிபர் உறுமுகிறார்!

என் அண்ணன் மகனுக்கு வயது 17. இராத்திரி சாப்பாடு முடிந்ததும் கைபேசியில் பாட்டு வைப்பான். அன்று அவன் வைத்த பாட்டைக் கேட்டு அண்ணன் ஓடி வந்தார்.

"இது பாட்டா? புலி உறுமுகிறதா? நிறுத்துடா!" என்று சத்தம் போட்டார்.

நானும் முதலில் அண்ணன் பக்கம்தான். பாட்டின் கதையைக் கேட்ட பிறகு கட்சி மாறிவிட்டேன்!

பாடியவர்கள் பின்லாந்து தேசத்து வாலிபர்கள். கோஷ்டியின் பெயர் அமோர்பிஸ். 1994-ம் ஆண்டில் "ஆயிரம் ஏரிகளின் கதைகள்" என்ற பொருள்படும் பெயரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். மொத்தம் 10 உருப்படிகள். மின்சாரக் கித்தாரும் முரசும் இடிபோல் முழங்கும் "மெட்டல்" சங்கீதம். அதிலும் இருளும் சோகமும் நிறைந்த ரகம். அதை "டூம்" என்பதா, "காத்திக்" என்பதா என்று ரசிகர்கள் சண்டை போடட்டும். நமக்கு வேண்டாம்.

பாட்டுக்குப் பொருள் என்ன தெரியுமா? பேயும் பிசாசும் அல்ல. அந்த நாட்டின் காவியமான கலேவலா!

வைத்தியர் தொகுத்த காவியம்

எலியாஸ் லொன்ரோத் என்று ஒரு வைத்தியர். அப்போது பின்லாந்து ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. இவர் கிராமம் கிராமமாக நடந்தார். பாமர மக்கள் வாய்மொழியாகப் பாடி வந்த கதைகளை எழுதிக்கொண்டார். அவற்றைக் கோத்து 1835-ல் கலேவலாவை வெளியிட்டார். 1849-ல் அதை விரிவாக்கினார். 50 பாடல்கள், 22,795 அடிகள்!

பழங்கதையை இந்த வாலிபர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்வோர் ஒன்றை நினைக்க வேண்டும். லொன்ரோத்தும் கேட்டதை அப்படியே அச்சிடவில்லை. வெட்டினார், ஒட்டினார், இடையிடையே தம் அடிகளையும் சேர்த்தார். அவருக்கு முன்பு பாடிய ஒவ்வொரு கிழவியும் கொஞ்சம் மாற்றித்தான் பாடியிருப்பாள்.

கறுத்த குளிர்காலப் பகல்

அண்ணன் மகன் வைத்த பாட்டின் தலைப்பு இது. கலேவலாவின் 22-வது பாட்டிலிருந்து எடுத்தது. மணப்பெண் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். பாக்கியசாலிகளின் மனம் வசந்தகால விடியல்போல் இருக்குமாம். இவள் மனமோ குளிர்காலப் பகலைவிட இருண்டு கிடக்கிறது.

என் தாயாருக்கு இதை விளக்கினேன். அவர் கண் கலங்கிவிட்டது. 16 வயதில் மாட்டு வண்டி ஏறி இந்த வீட்டுக்கு வந்தவர் அவர். பிறகு ஒரு கேள்வி கேட்டார்:

"பெண்பிள்ளை அழுகிற பாட்டுக்கு இந்தப் பையன் ஏன் உறுமுகிறான்?"

சரியான கேள்வி! என் குறையும் அதுதான். உறுமலில் வார்த்தை புரிவதில்லை. பாட்டு ஆங்கிலத்தில் இருந்தும் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆனால் தொடக்கத்தில் பியானோ ஒரு சிறிய மெட்டை வாசிக்கிறது பாருங்கள். அந்தப் பெண்ணின் அழுகை முழுவதும் அதில் இருக்கிறது. உறுமலை, அவள் வெளியே சொல்ல முடியாத கோபம் என்று வைத்துக்கொண்டேன்.

இதே தட்டில் ஐனோ என்ற பெண்ணின் கதையும் வருகிறது. அண்ணன் போட்டியில் தோற்று, உயிர் தப்புவதற்காகத் தங்கையை ஒரு கிழவருக்கு மனைவியாகத் தருவதாக வாக்குக் கொடுக்கிறான். தாய்க்கோ ஒரே சந்தோஷம்! பெண் நீரில் மூழ்கி இறக்கிறாள். அதன் பிறகு தாய் விட்ட கண்ணீர் ஆறாக ஓடுகிறது.

பிள்ளைகள் இதைக் கேட்டால் கெட்டுப்போவார்களா? நான் நம்பவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கதையைக் கேளுங்கள்.

இன்னொரு சேதி. அந்த இசைத்தட்டு வந்த அதே 1994-ல் கலேவலா தமிழிலும் வந்தது! பின்லாந்தில் வாழ்ந்த ஈழத் தமிழர் உதயணன் என்ற சிவலிங்கம் செய்யுளாகவே மொழிபெயர்த்தார். மதுரைத் திட்ட இணைய நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டில் இரவுதோறும் அண்ணன் மகன் அதை வாசிக்கிறான். 22-வது பாட்டுக்கு நேரே போகப் பார்த்தான். தாயார் விடவில்லை. முதலில் ஐனோவின் கதை வேண்டுமாம்.