குப்பி ஒன்றுதான், மருந்து வேறு

2021 மே மாதத்தில் கறுப்புப் பூஞ்சை பரவியபோது ஆம்போடெரிசின் பி ஊசிக்காக நாடே அலைந்தது. ஜூன் 12-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் அதன் மீதான 5 சதவீத வரியைத் தற்காலிகமாக முழுதும் நீக்கியது. தட்டுப்பாட்டைப் பற்றி அன்று எல்லோரும் பேசினோம். டோஸைப் பற்றி யாரும் பேசவில்லை. புதுச்சேரி சுகாதாரத் துறை இப்போதாவது பேச வேண்டும்.

ஆம்போடெரிசின் பி என்ற பெயரில் முக்கியமாக இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று பழைய சாதா வகை. மற்றது கொழுப்புத் துகளுக்குள் அடைத்த லிப்போசோமல். இரண்டுமே 50 மி.கி. குப்பியில் வருவதுதான் வம்பு. 60 கிலோ எடையுள்ள கறுப்புப் பூஞ்சை நோயாளிக்கு லிப்போசோமல் என்றால் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் நாளைக்கு 300 மி.கி., அதாவது ஆறு குப்பி. சாதா வகை என்றால் வழக்கமாகக் கிலோவுக்கு 1 மி.கி.தான், எந்த நிலையிலும் 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கேஸ் ஷீட்டில் 'ஆம்போ 300' என்று மட்டும் கிறுக்கி, ஸ்டோரில் சாதா வகை இருந்துவிட்டால் ஐந்து மடங்கு மருந்து உடம்பில் ஏறும். இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். 2007-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் ஹார்ட்லேண்ட்ஸ் மருத்துவமனையில் புற்றுநோயாளிகள் இருவர் இப்படி வகை மாறித்தான் இறந்தார்கள். அந்நாட்டு நோயாளர் பாதுகாப்பு முகமை அதே ஆண்டு எல்லா மருத்துவமனைகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது.

அதோடு முடியவில்லை. இந்த மருந்தைச் சலைனில் கலந்தால் திரிந்துவிடும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். ஆனால் சிறுநீரகத்தைக் காக்க முன்னதாகச் சலைன் ஏற்றுவதும் அவசியம். அதே லைனில் மருந்தைத் தொடங்குமுன் டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் கழுவ வேண்டும். சாதா வகையை இரண்டு முதல் ஆறு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். குளிரும் நடுக்கமும் வரும் என்று எதிர்பார்த்தே நிற்க வேண்டும். கிரியாட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியர் இத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது நிர்வாகமா?

ஜிப்மருக்கும் கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் விழுப்புரம், கடலூரிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கட்டுப்படாத சர்க்கரை இருக்கும்வரை கறுப்புப் பூஞ்சையும் வரும். எனவே தனியார் மருத்துவமனைகளையும் சேர்த்து ஓர் உத்தரவு தேவை. சீட்டிலும் லேபிளிலும் வகையின் முழுப் பெயர் இருக்க வேண்டும். கிலோவுக்கு 1.5 மி.கி.க்கு மேல் எழுதியிருந்தால், லிப்போசோமல்தான் என்று மருத்துவரிடம் உறுதி செய்யாமல் மருந்தாளுநர் குப்பியைக் கொடுக்கக் கூடாது. ஊசி ஏறுமுன் இரண்டாவது ஒருவர் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆள் பற்றாக்குறை என்பார்கள்; உண்மைதான். அப்படியானால் மருந்தைப் பார்மசியிலேயே கலந்து வார்டுக்கு அனுப்பட்டும்.

பக்கவிளைவு நேர்ந்தால் நோயாளியின் குடும்பமே புகார் செய்ய மத்திய அரசின் இலவச எண் 1800-180-3024 இருக்கிறது. அதை வார்டு சுவரில் ஒட்ட அரசாணைகூட வேண்டியதில்லை.